வீட்டுக்கு ஒரு சாண் கயிறு

மிசூரி மாநிலத்து ஆல்டன்ரிட்ஜில் ஒரு குடும்பம் நல்ல குடும்பமா என்று தெரிந்துகொள்ள வங்கிக்குப் போய் விசாரிக்க வேண்டாம். தேவாலயத்தில் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்றும் பார்க்க வேண்டாம். வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்து, கணப்பு அடுப்புக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் போதும். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சாண் கயிறு இருந்தால் நல்ல குடும்பம். இல்லாவிட்டால் வாடகைக்கு வந்தவர்கள். அதுவும் இல்லாவிட்டால் டகெட் குடும்பம்.

டகெட் குடும்பத்தில் கயிறு இல்லாததற்கு நியாயமான காரணம் உண்டு. அந்தக் கயிற்றில் தொங்கியவர் அவர்கள் வீட்டு ஆள்.

ஏசா டகெட் 1921 கோடையில் தூக்கிலிடப்பட்டார். மாவு மில்காரரைச் சுட்டார். சுடவில்லை என்று அவர் வம்சத்தில் ஒருவரும் இன்றுவரை வாதாடியதில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு மாவட்டமும் தன் ஆளைத் தானே தூக்கில் போட்டுக்கொண்டது. மறைவாகச் செய்ய வேண்டும் என்று சட்டம் சொன்னதால், ஷெரீஃப் நீதிமன்ற முற்றத்தில் பலகை வேலி ஒன்று அடித்தார். அடித்த கையோடு, வேலிக்கு உள்ளே வர கல்யாணத்துக்கு அச்சடிப்பது போல அழைப்பிதழும் அச்சடித்தார். அழைப்பு கிடைக்காதவர்கள் மரத்தில் ஏறிக்கொண்டார்கள். கொஞ்ச வருஷத்தில் மாநில அரசு இந்த வேலையை மாவட்டங்களின் கையிலிருந்து பிடுங்கித் தலைநகர்ச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே முதலில் நச்சுவாயு, பிறகு ஊசி. நச்சுவாயு பற்றியோ ஊசி பற்றியோ ஆல்டன்ரிட்ஜ்காரர்களுக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. ஊரைவிட்டுப் போனதுதான் மனத்தாங்கல். அதற்குப் பிறகு அந்த ஊரில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை.

ஆகவே நடந்த ஒன்றைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள். காப்பாற்றுவதற்கென்றே ஒரு வரலாற்றுச் சங்கம் இருந்தது. அதன் தலைவர் டாக்டர் வெண்டெல் ஹார்க்ரேவ், பல் மருத்துவர். நாற்பது வருஷம் அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்தவர். ஓய்வு பெற்ற அன்று தன் வாயைத் திறந்தார். அது இன்னும் மூடவில்லை.

ஏசாவின் கொள்ளுப்பேத்தி வெர்லா டகெட் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. குன்றுக்குப் பின்னால் இருக்கும் குடும்பக் கல்லறையில் இரட்டைக் கல் ஒன்று இருந்தது. இடது பக்கம் லியோட்டா, ஏசாவின் மனைவி. பிறந்த வருஷம், இறந்த வருஷம் இரண்டும் செதுக்கியிருந்தது. வலது பக்கம் ஏசாவின் பெயரும் பிறந்த வருஷமும் மட்டும். அதற்குக் கீழே மொழுக்கென்று வெறும் கல், பக்கத்தில் வெறும் புல். ஏசாவின் உடலை மாவட்டம் அன்றைக்குக் கொடுக்கவில்லை. நீதிமன்ற முற்றத்திலேயே, லைலாக் செடிக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டது. தொண்ணூறு வயதைத் தாண்டி முதியோர் இல்லத்தில் கிடக்கும் வெர்லாவின் அப்பா ஹோமர், தான் கண்ணை மூடுவதற்குள் தன் தாத்தாவைப் பாட்டிக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெர்லா வருஷக்கணக்காக அலைந்தாள். மாவட்ட ஆணையர்கள், சங்கத்தைக் கேள் என்றார்கள். சங்கம், ஆணையர்களைக் கேள் என்றது.

இப்போது நூற்றாண்டு விழா வந்துவிட்டது. லைலாக் செடியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் 'நீதி நினைவு மண்டபம்' கட்டப்போகிறார்கள். சனிக்கிழமை விழா, திங்கட்கிழமை காலையில் கான்கிரீட். கான்கிரீட் விழுந்துவிட்டால் ஏசா மண்டபத்துக்கு அடியில் நிரந்தரம்.

விழாவுக்கு முந்தின வாரம் வெர்லா சங்கத்தின் அலுவலகத்துக்குப் போனாள். அது பழைய சிறையின் முன்னறை. டாக்டர் மேசைக்குப் பின்னால் ஷெரீஃப் போல உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர், கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி அவரை எடுத்துக்கிறேன். பெட்டி என்னுது, வண்டி என்னுது. உங்களுக்கு ஒரு செலவும் இல்ல."

"வெர்லா, நீ உணர்ச்சிவசப்படறே. அவர் உனக்குக் கொள்ளுத்தாத்தா மட்டும் இல்லம்மா. இந்த ஊரோட சொத்து."

"உயிரோட இருந்தப்ப வேண்டாம்னுதானே தொங்க விட்டீங்க. செத்தப்புறம் எப்படிச் சொத்தானாரு?"

டாக்டர் வலி தெரியாமல் ஊசி போடுகிறவரைப் போலச் சிரித்தார். "நீ விழாவுல மேடைக்கு வா. 'இந்த மாவட்டம் நடந்துக்கிட்ட விதத்துக்கு டகெட் குடும்பம் நன்றி தெரிவிச்சுக்குது'ன்னு ஒரு வரி சொல்லு. அதுக்கப்புறம் பாக்கலாம். கான்கிரீட்டை ஒருநாள் தள்ளிப்போடக்கூட யோசிக்கலாம்."

"நன்றியா? எதுக்கு?"

"கண்ணியமா பண்ணினதுக்கு. நீயே படிச்சுப் பாரு."

சுவரில் சாய்த்து வைத்திருந்த புது வெண்கலப் பலகையைக் காட்டினார். ஏசா டகெட் சட்டப்படி, அறிவியல் முறைப்படி, செயின்ட் லூயிஸிலிருந்து தருவித்த முதல்தரச் சணல் கயிற்றால் மரணமடைந்தார்: நொடிப்பொழுதில், வலியின்றி என்று அதில் பொறித்திருந்தது. கடைசி இரண்டு சொற்கள் மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில் இருந்தன.

"வலிக்கலன்னு அவரு வந்து சொன்னாரா?"

"பக்கத்துல நின்ன மருத்துவர் சொன்னாரு."

"கயிறு அந்த மருத்துவர் கழுத்துலயா இருந்துச்சு?"

"வெர்லா!"

"சுட்டாரு. தொங்கினாரு. இன்னும் எதுக்கு அவரைப் புடிச்சு வெச்சிருக்கீங்க?"

டாக்டர் பதிலுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோயாளிகளை அனுப்புவதற்கு அவர் நாற்பது வருஷமாகக் கையாண்ட முறை அது.

முதியோர் இல்லத்தில் ஹோமர் ஓட்ஸ் கஞ்சியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். வாயில் வைக்கும் உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

"என்ன சொன்னான் அந்தப் பல்லுப்புடுங்கி?"

"மேடையில ஏறி நன்றி சொல்லணுமாம்ப்பா."

"சொல்லிடாத. நான் செத்தாலும் பரவால்ல."

"நீங்க சாகறதுக்குள்ள முடிக்கணும்னுதானே அலையறேன்."

"அப்ப சீக்கிரம் முடி. இங்க போடற கஞ்சியைப் பாத்தா எனக்கு நம்பிக்கை இல்ல."

சனிக்கிழமை நீதிமன்ற முற்றத்தில் கொடிகள், கூடாரங்கள், பள்ளி மாணவர்களின் பித்தளை வாத்தியம், கொதிக்கும் எண்ணெயில் கெளுத்தி மீன். ஒருவன் செத்த இடத்தில் இவ்வளவு பசி எடுப்பது வேறு எங்கும் நடக்குமா தெரியாது. விழாவின் உச்சமாக டாக்டர் ஒரு திட்டம் வைத்திருந்தார். நல்ல குடும்பங்கள் எல்லாம் தங்கள் கயிற்றுத் துண்டை எடுத்து வரும். துண்டுகளை முடிந்து அசல் கயிற்றை நூறு வருஷத்துக்குப் பிறகு மறுபடி முழுசாக்கி மண்டபத்தில் தொங்கவிடுவார்கள். தூக்கிலிட்ட அன்று சாயங்காலமே ஷெரீஃப் கயிற்றைத் துண்டு போட்டு முக்கியஸ்தர்களுக்கு வழங்கினார் என்பது ஊர் அறிந்த விஷயம்.

குடும்பங்கள் வரிசையில் நின்றன. சட்டங்களைத் திறந்து துண்டுகளை எடுத்துக் கொடுத்தார்கள். டாக்டர் தன் கையாலேயே முடிச்சுப் போட்டார். கயிறு மேசையைத் தாண்டியது. மேசையிலிருந்து இறங்கி ஆப்பிள் பை பலகாரம் விற்கும் கடைப் பக்கம் போனது. அங்கிருந்து படிக்கட்டு. வரிசை இன்னும் குறையவில்லை. மதியத்துக்குள் கயிறு நீதிமன்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி மேசைக்கே திரும்பி வந்து டாக்டரின் முழங்காலில் இடித்தது. ஏசா டகெட்டை மேகத்திலிருந்து தொங்கவிட்டிருந்தால்கூட அவ்வளவு கயிறு தேவைப்பட்டிருக்காது.

அதில் சணல் இருந்தது, பருத்தி இருந்தது, துணி காயப்போடும் கொடி இருந்தது. நீதிபதி ப்ரூவிட் குடும்பத்தின் துண்டு பளிச்சென்ற நீல பிளாஸ்டிக். படகு கட்டுகிற ரகம். கார்னீலியா ஸ்டாடர்ட் அம்மாள் கொண்டுவந்தது கெட்டி இழையில் முறுக்கிய நல்ல கயிறு. நுனியில் பட்டுக் குஞ்சம்.

எல்லோருமே மற்றவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று அந்தக் கணத்தில் தெரிந்துகொண்டார்கள். தங்களைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"இதுல எங்களுதுதான் அசல்," என்றாள் கார்னீலியா. "எங்க தாத்தா கையால அறுத்தது."

"கார்னீலியா, உங்க தாத்தா அன்னிக்குக் குடிச்சிட்டு மரத்துலேர்ந்து விழுந்தாரு," என்றார் நீதிபதி. "எங்க அப்பா சொல்லியிருக்காரு."

"விழுந்தாரு. கயித்தோட விழுந்தாரு!"

"குஞ்சம் தொங்குதே? தூக்குக்கயித்துக்கு எவனாவது குஞ்சம் கட்டுவானா?"

"அறிவியல் முறைன்னு டாக்டர்தானே பலகையில போட்டிருக்காரு! உங்களுது நீலமா இருக்கே, அதைச் சொல்லுங்க. பிளாஸ்டிக்கு எப்பவாம் வந்துச்சு?"

"அது... நிறம் மாறியிருக்கு."

"நூறு வருஷத்துல எல்லாம் வெளுக்கும். உங்களுது மட்டும் பளபளன்னு ஆகுமா?"

டாக்டர் ஒலிபெருக்கியில், "அமைதி, அமைதி" என்றார். யாரோ கூட்டத்திலிருந்து, "உங்க துண்டு எங்க டாக்டர், முதல்ல அதைக் காட்டுங்க" என்று கத்தினார்கள். அவருடையது தொங்கும் திரைச்சீலையைக் கட்டும் கயிறு என்று நாலைந்து பேர் ஒரே சமயத்தில் கண்டுபிடித்தார்கள். ஒரு நல்ல குடும்பம் இன்னொரு நல்ல குடும்பத்தின் மீது உருளைக்கிழங்கு சாலட்டை வீசியது.

வெர்லா ஆப்பிள் பை கடையின் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காக இவர்களுடைய இரக்கத்தின் கதவைத் தட்டி ஏமாந்திருக்கிறாள். அங்கே ஆள் குடியிருக்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. ஆள் இருக்கும் கதவு வேறு. நேராக மேடைக்குப் போனாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து டாக்டர் ஒலிபெருக்கியைச் சந்தோஷமாக நீட்டினார்.

"அசல் எதுன்னு ஒரே ஒரு இடத்துலதான் பாக்க முடியும்," என்றாள் வெர்லா. "அவரு கழுத்துல. விழுந்தபடியே புதைச்சாங்கன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. அப்ப முடிச்சு அங்கயே இருக்கணும். தோண்டி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க. யாருது பொருந்துதோ அவங்க ஜெயிச்சாங்க."

வீசத் தூக்கிய சாலட் கிண்ணங்கள் கீழே இறங்கின.

"ஆனா எலும்பு எனக்கு. கயிறு உங்களுக்கு."

டாக்டர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு, "இதெல்லாம் உடனே ஆகிற காரியம் இல்ல வெர்லா, நீதிமன்ற உத்தரவு, ஆணையர்கள் சம்மதம்..." என்று ஆரம்பித்தார். கையால் சரியாக மூடவில்லை. ஊர் முழுக்கக் கேட்டது.

"என்ன டாக்டர், பயமா?" என்றாள் கார்னீலியா.

"எனக்கென்ன பயம்?"

"அப்ப தோண்டுங்க!"

தன் நீலக் கயிற்றின் மானத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் நீதிபதி ப்ரூவிட், பை சாப்பிட்டு முடித்த காகிதத் தட்டைத் திருப்பி அதன் பின்பக்கத்திலேயே உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆணையர்கள் மூன்று பேரும் எலுமிச்சைச் சாறு வரிசையில் நின்றபடியே கையைத் தூக்கிச் சம்மதித்தார்கள். வருஷக்கணக்காக நகராத காரியம் ஒரு மீன் துண்டு ஆறுவதற்குள் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் ஊர் மொத்தமும் மடக்கு நாற்காலிகளோடு முற்றத்துக்கு வந்தது. குளிர்பெட்டிகளும் வந்தன. 1921-க்கும் இதற்கும் வித்தியாசம் பலகை வேலி மட்டும்தான்.

தோண்டியவர் டெல்பர்ட் க்ரம். ஊரில் சவ அடக்கக் கடை வைத்திருப்பவர். தேர்தலில் நின்று ஜெயித்த மரண விசாரணை அதிகாரியும் அவரேதான். செத்தவர்கள் எந்தப் பக்கம் போனாலும் டெல்பர்ட்டிடம்தான் வந்து சேர வேண்டும். இயந்திரத்தால் மேல்மண்ணை அகற்றிவிட்டு மீதியைக் கையால் வழித்தார். லைலாக் வேர்களுக்கு நடுவே ஏசா டகெட் பொறுமையாகக் கிடந்தார்.

"கயிறு தெரியுதா?" என்று டாக்டர் மேலிருந்து கேட்டார்.

டெல்பர்ட் தூரிகையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ஆழமா பாருங்க டெல்பர்ட்."

"கழுத்து இங்கதான் இருக்கு டாக்டர். ஆழத்துல வேற கழுத்து கிடையாது. கயிறும் கிடையாது."

கழுத்தைச் சுற்றி இருந்தது ஒரு தோல் வார். கறுத்து, விறைத்து, மூன்று விரல் அகலம். கோவேறு கழுதையை ஏரில் பூட்டுகிற வார். அதில் ஒரு பித்தளைக் கொக்கி. டெல்பர்ட் கட்டைவிரலால் தேய்த்ததும் எழுத்துகள் தெரிந்தன: ஸ்டாடர்ட் லாயம், ஆல்டன்ரிட்ஜ்.

செயின்ட் லூயிஸ் முதல்தரச் சணலுக்கென்று அன்றைக்கு மாவட்டம் கொடுத்த காசு யாருடைய பைக்குள் போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கார்னீலியாவின் முகம் முதலில் வெளுத்தது. ஸ்டாடர்ட் வீட்டுக் குஞ்சம் மூன்று தலைமுறையாகப் பொய் சொல்லியிருக்கிறது! அந்த வெளுப்பு நீடிக்கவில்லை. எழுத்துகளை இன்னொரு தடவை படித்தாள். எழுந்து நின்றாள்.

"எங்க வாரு!" என்றாள். "எங்க லாயத்து வாரு! நான் அப்பவே சொன்னேனா இல்லியா, எங்களுதுதான் அசல்னு!"

சனங்கள் கைதட்டினார்கள். டாக்டர் குழிக்குள் எட்டிப் பார்த்து, கொக்கி மாவட்டத்தின் சொத்து என்று அறிவித்தார். எல்லோரும் கொக்கியைப் படம் எடுக்க முண்டியடித்தார்கள்.

குழிக்குள் வெர்லாவும் டெல்பர்ட்டும் மட்டும் இருந்தார்கள். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒட்டுத்துணிப் போர்வையைப் பெட்டிக்குள் விரித்துக்கொண்டிருந்தாள்.

"வெர்லா," என்றார் டெல்பர்ட், குரலைத் தாழ்த்தி. "கழுத்தெலும்பு ஒண்ணு கூட உடையல."

"அப்படின்னா?"

"வாரு அகலம். முடிச்சு கிடையாது. விழுந்த வேகத்துல கழுத்து உடைஞ்சிருந்தாதான் உடனே போயிருப்பாரு. உடையல."

"எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார். "கேக்காத."

அவள் கேட்கவில்லை. மேலே, மேடைக்குப் பக்கத்தில், வெண்கலப் பலகை வெயிலில் மின்னியது. ஒவ்வோர் எலும்பாக எடுத்துப் போர்வையில் வைத்தாள். மேலே யாரோ, "தள்ளி நில்லும்மா, கொக்கி மறைக்குது" என்றார்கள்.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பக்கம் கான்கிரீட் விழுந்துகொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் ஏசா டகெட் லியோட்டாவுக்கு அருகில் இறங்கினார். கல்தச்சன் விடுபட்ட வருஷத்தைச் செதுக்கினான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த ஹோமர், "பாட்டி இனிமே இவரைத் திட்ட ஆரம்பிக்கலாம்," என்றார். பிறகு வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

நீதிமன்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிய மகத்தான கயிறு ஞாயிறு இரவே பின்பக்கக் குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது. இலையுதிர் காலத்துக்குள் ஊரின் கூடங்களில் எல்லாக் கண்ணாடிச் சட்டங்களும் திரும்ப மாட்டப்பட்டன. உள்ளே இப்போது ஒரு சாண் தோல். ஷெரீஃப் அன்று சாயங்காலமே வாரின் மறுபாதியைத் துண்டு போட்டு முக்கியஸ்தர்களுக்கு வழங்கினார் என்பது ஊர் அறிந்த விஷயம். கயிறு என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நீதிபதி ப்ரூவிட் வீட்டுத் தோல் நீலமாக இல்லை என்பது மட்டும் முன்னேற்றம். பலகையில் 'முதல்தரச் சணல் கயிற்றால்' என்ற இடத்தின்மேல் 'முதல்தரத் தோலால்' என்று ஒரு தகடு ஏறியது. 'வலியின்றி' அப்படியே இருந்தது.

அக்டோபரில் ஒரு மாலை, பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்த வெர்லாவிடம் டாக்டர் வந்து நின்றார்.

"மண்டபத்துல எல்லாக் குடும்பத்துத் தோலையும் ஒரே கண்ணாடிப் பேழையில வெக்கறோம். டகெட் குடும்பத்துலேர்ந்து ஒண்ணு இல்லாம குறையா இருக்கு. உங்க வீட்டுல... இருக்கணுமே?"

வெர்லா குழாயை நிறுத்தினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்த முகத்தில் வெட்கத்தின் சுவடு இருக்கிறதா என்று தேடினாள். பற்கள்தான் தெரிந்தன, நல்ல பற்கள்.

"அப்பாகிட்ட ஒண்ணு இருக்கு," என்றாள். "பழசு. ரொம்ப வருஷமா பக்கத்துலயே வெச்சிருக்காரு."

டாக்டரின் கண்கள் அகன்றன.

"தர்றேன். ஆனா பலகையில கடைசி ரெண்டு வார்த்தை இருக்கக் கூடாது. நொடிப்பொழுதும் வேண்டாம், வலியின்றியும் வேண்டாம்."

"வெண்கலம் வெர்லா. வார்ப்பு."

"நாப்பது வருஷம் பல்லு புடுங்கினீங்க. ரெண்டு வார்த்தை புடுங்க முடியாதா?"

டாக்டர் கொஞ்ச நேரம் நின்றார். மனசாட்சியோடு போராடுகிறார் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றியிருக்கும். பேழையில் எந்த இடத்தில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் உளிக்காரன் வந்து இரண்டு சொற்களையும் சுரண்டி எடுத்தான். பலகையில் அந்த இடம் பிடுங்கிய பல்லின் குழி போல இருந்தது.

பேழையின் நடுவில், தனி விளக்கின் கீழ், இப்போது ஹோமர் டகெட்டின் கால்சட்டை பெல்ட் இருக்கிறது. மூன்றாவது துளைக்குப் பக்கத்தில் தேய்ந்திருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டி, அதுதான் எடை தாங்கிய இடம் என்று டாக்டர் பள்ளிப்பிள்ளைகளுக்கு விளக்குகிறார். எடை தாங்கியது உண்மைதான். ஹோமர் ஒரு காலத்தில் நன்றாகச் சாப்பிட்டவர்.

பெல்ட் போனதால் முதியோர் இல்லத்தில் ஹோமரின் கால்சட்டை நிற்கவில்லை. வெர்லா பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். குப்பைத்தொட்டியில் மேலாகக் கிடந்ததை எடுத்து வைத்திருந்தாள். கெட்டி இழை, நல்ல முறுக்கு, நுனியில் பட்டுக் குஞ்சம்.

"யாரோடது இது?"

"ஸ்டாடர்ட் வீட்டுது."

ஹோமர் எழுந்து நின்று இரண்டு எட்டு வைத்தார். குனிந்து குஞ்சத்தை முன்பக்கமாக இழுத்து, எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டார்.

"நல்ல குடும்பத்துக் கயிறு," என்றார். "நழுவல."